ஃபயர் வாட்ச்சுக்கு ஆள் போடுறதும் அவங்ககிட்ட வேலை வாங்குறதும் எப்படி

ஃபயர் வாட்ச் போடணும்னு சொன்னா பாதி பேரு உடனே சொல்றது, "அதான் கேட்ல வாட்ச்மேன் இருக்காரே, அவரையே நடுநடுவுல ஒரு சுத்து பாத்துக்க சொல்லுங்க". சிக்கல் இங்கயே ஆரம்பிச்சுடுது. கேட்ல நிக்கிறவரு வண்டி நம்பர் எழுதணும், விசிட்டருக்கு பாஸ் குடுக்கணும், பார்சல் வாங்கி வைக்கணும், இதுக்கு நடுவுல ஏழாவது மாடியில புகை வருதான்னு எப்ப போய் பாப்பாரு. ஃபயர் வாட்ச்ல இருக்குறவருக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். நெருப்பு வருதான்னு பாக்குறது, வந்துச்சுன்னா உடனே ஊரைக் கூட்டுறது. அந்த ஒரு வேலையோட சேத்து இன்னொரு வேலை குடுத்தீங்கன்னா, அது எவ்வளவு சின்ன வேலையா இருந்தாலும், உங்ககிட்ட ஃபயர் வாட்ச் இல்லைன்னுதான் அர்த்தம். காசு குடுத்து பேருக்கு ஒரு ஆளை நிறுத்தி வச்சிருக்கீங்க, அவ்வளவுதான். கீழ சொல்லப்போறது எல்லாமே இந்த ஒரு விஷயத்தைச் சுத்திதான்.

எப்ப தேவைப்படும்

முக்கியமா ரெண்டு சந்தர்ப்பம். ஒண்ணு, பில்டிங்ல இருக்குற ஃபயர் அலாரமோ, சூடு பட்டா சீலிங்லருந்து தானா தண்ணி தெளிக்கிற ஸ்ப்ரிங்க்ளரோ வேலை செய்யாம போறது. அலாரம் பேனல் மாத்துறாங்க, பைப் ஒடைஞ்சுருச்சு, பம்ப் படுத்துருச்சு, வால்வை மூடி வச்சு உள்ள ஆல்டரேஷன் நடக்குது, காரணம் எதுவா வேணா இருக்கட்டும். இன்னொண்ணு, வெல்டிங், கேஸ் கட்டிங், கிரைண்டிங், ரூஃப்ல கேஸ் டார்ச் வச்சு ஷீட் ஒட்டுறது மாதிரி தீயும் தீப்பொறியும் வர்ற வேலை, சைட்ல ஹாட் வொர்க்னு சொல்றது. ரெண்டுத்துக்கும் பேரு ஒண்ணா இருந்தாலும் வேலை முறை வேற வேற. முதல்ல சொன்னதுல ஆள் நடந்துக்கிட்டே இருக்கணும், ரெண்டாவதுல ஆள் ஒரு இடத்தை விட்டு நகரவே கூடாது. ஒரே ஆளை ரெண்டுக்கும் சேத்து போடுற ஐடியா இருந்தா இப்பவே விட்டுடுங்க.

எவ்வளவு நேரம் சிஸ்டம் படுத்தா ஆள் போடணும்னு கேப்பாங்க. அமெரிக்காவுல தீ பாதுகாப்பு விதி எழுதுற என்எஃப்பிஏ சங்கத்தோட கோடைத்தான் நிறைய நாட்டுல கம்பெனிங்க அளவுகோலா வச்சுக்குறாங்க, அதுப்படி ஃபயர் அலாரம் 24 மணி நேரத்துக்குள்ள 4 மணி நேரத்துக்கு மேல வேலை செய்யலன்னா பில்டிங்கை காலி பண்ணணும், இல்லன்னா ஃபயர் வாட்ச் போடணும், ஃபயர் டிபார்ட்மென்ட்டுக்கும் சொல்லணும். ஸ்ப்ரிங்க்ளருக்கு அந்த கணக்கு 10 மணி நேரம். விட்டு விட்டு போனாலும் கூட்டித்தான் பாக்கணும், "ரெண்டு மணி நேரம் போச்சு அப்புறம் வந்துருச்சு, மறுபடி மூணு மணி நேரம்தான் போச்சு"ன்னு தனித்தனியா கணக்கு சொல்லி தப்பிக்கக் கூடாது. உங்க இடத்துல இருக்குற ஃபயர் அதிகாரி இதைவிட கறாரா ஏதாவது சொன்னா அவரு சொல்றதுதான் கடைசி. ஆளுங்க ராத்திரி தங்குற இடமா இருந்தா, ஹாஸ்டல், ஆஸ்பத்திரி, ஹோட்டல், அபார்ட்மென்ட் மாதிரி, 4 மணி நேரம் ஆகட்டும்னு காத்திருக்காம சிஸ்டம் போன உடனே ஆளை நிறுத்துங்கன்னுதான் நான் சொல்லுவேன். முழிச்சிருக்குறவன் புகை வாசனை வந்தா எந்திரிச்சு ஓடிடுவான், தூங்குறவனுக்கு அந்த வாசனை தெரியவே தெரியாது.

இன்னொரு சந்தர்ப்பமும் இருக்கு. 2017 ஜூன் 14ல லண்டன் கிரென்ஃபெல் டவர் எரிஞ்சு 72 பேரு செத்தாங்க இல்லையா, அதுக்கப்புறம் அங்க வெளிச்சுவர்ல தீப்பிடிக்கிற கிளாடிங் இருக்குற எத்தனையோ பில்டிங்ல ராத்திரி பகலா ஆள் சுத்த வச்சாங்க, வேக்கிங் வாட்ச்னு பேரு. கிளாடிங்கை கழட்டுற வரைக்கும் தற்காலிகமா போட்ட ஏற்பாடு, ஆனா மாசக்கணக்குல வருஷக்கணக்குல இழுத்து குடியிருக்குறவங்க செலவு தாங்க முடியாம போய், கடைசியில 2020 டிசம்பர்ல அந்த அரசாங்கமே ஆளுக்கு பதிலா பில்டிங் முழுக்க அலாரம் போட 3 கோடி பவுண்டு ஒதுக்குறோம்னு அறிவிச்சது. இதை எதுக்கு சொல்றேன்னா, ஃபயர் வாட்ச் எப்பவுமே ஓட்டையை அடைக்கிற வரைக்கும் வைக்கிற முட்டுதான். வாரக்கணக்குல போகுதுன்னா சிஸ்டத்தை ரிப்பேர் பண்ற வேலையில யாரோ தூங்குறாங்கன்னு அர்த்தம், அவங்களை எழுப்புங்க.

கம்பெனிகிட்ட என்ன கேக்கணும்

சர்வீஸ் குடுக்குற கம்பெனிக்கு போன் போட்டா முதல்ல ரேட்டைத்தான் சொல்லுவாங்க. ரேட்டை அப்புறம் பேசிக்கலாம். முதல்ல வரப்போற ஆளுக்கு என்ன ட்ரெயினிங் இருக்குன்னு கேளுங்க. சர்டிஃபிகேட் காட்டுவாங்க, சரி, அதோட நிறுத்தாதீங்க, அவரு கையில எக்ஸ்டிங்விஷரை, அதான் தீயணைக்கிற சிலிண்டரை, எடுத்து நிஜ நெருப்பு மேல அடிச்சுப் பாத்திருக்காரான்னு கேளுங்க. படத்துல பாத்தவருக்கும் ஒரு தடவை அடிச்சுப் பாத்தவருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சின்ன பவுடர் சிலிண்டர் பத்து இருபது செகண்ட்ல காலியாகிடும், அது தெரியாம தூரத்துலருந்தே அடிக்க ஆரம்பிச்சவரு கிட்ட போறதுக்குள்ள கையில வெறும் டப்பாதான் இருக்கும்.

அடுத்து ஷிஃப்ட். ஒரே ஆள் எவ்வளவு நேரம் நிப்பாரு, சாப்பிடவும் பாத்ரூம் போகவும் அவருக்கு பதிலா யார் நிப்பாங்க, மாத்து ஆள் வரலைன்னா என்ன பண்ணுவீங்க. இந்த கேள்விக்கு "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்"னு பதில் வந்தா அந்த கம்பெனி வேணாம். பகல்ல இன்னொரு சைட்ல டூட்டி முடிச்ச ஆளை ராத்திரி உங்க சைட்டுக்கு அனுப்புற பழக்கம் நிறைய இடத்துல இருக்கு, அவரைக் குறை சொல்லி பிரயோஜனம் இல்ல, ரெண்டு மணிக்கு மேல யாரா இருந்தாலும் கண்ணு சொருகத்தான் செய்யும். காண்ட்ராக்ட்லயே எழுதி வாங்கிடுங்க, இங்க வர்றதுக்கு முன்னாடி அவருக்கு முழு ரெஸ்ட் இருந்திருக்கணும்னு.

மொழி. இதை யாரும் கேக்குறதே இல்ல. உங்க சைட்ல வேலை செய்யுற வெல்டர் பேசுற பாஷை ஃபயர் வாட்ச்க்கு தெரியாது, ஃபயர் வாட்ச் பேசுறது ஃபயர் சர்வீஸ் கண்ட்ரோல் ரூமுக்கு புரியாதுன்னா, வேலையை நிறுத்துன்னு கத்தினாலும் பிரயோஜனம் இல்ல, அட்ரஸ் சொன்னாலும் பிரயோஜனம் இல்ல. அவரை கூப்பிட்டு, போன்ல சொல்ற மாதிரி இந்த பில்டிங் அட்ரஸை ஒரு தடவை சொல்லுங்கன்னு கேட்டுப் பாருங்க. முப்பது செகண்ட்ல தெரிஞ்சுடும்.

அப்புறம் இன்ஷூரன்ஸ். அவங்களால நஷ்டம் வந்தா ஈடு குடுக்குற லயபிலிட்டி கவர் அவங்ககிட்ட இருக்கான்னு பாக்குறது ஒரு பக்கம், உங்க பில்டிங் பாலிசி குடுத்த கம்பெனிக்கு "சிஸ்டம் இத்தனை நாள் இருக்காது, ஃபயர் வாட்ச் போட்டிருக்கோம்"னு முன்கூட்டியே எழுத்துல சொல்லிடுறது இன்னொரு பக்கம். சொல்லாம விட்டு பின்னாடி க்ளெய்ம்க்கு போனா நடக்குற கூத்து வேற கதை.

எத்தனை பேரு வேணும்

சதுர அடிக்கு இத்தனை ஆள்னு ஒரு ஃபார்முலா எதிர்பாக்காதீங்க. நீங்களே நடந்து பாருங்க. கையில வாட்ச் வச்சுக்கிட்டு, ஒவ்வொரு மாடியும், ஸ்டோர் ரூம், எலெக்ட்ரிக்கல் ரூம், லிஃப்ட் மிஷின் ரூம், மொட்டை மாடி, பேஸ்மென்ட்னு எல்லா கதவையும் திறந்து பாத்து நடந்தா எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாருங்க. 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை எல்லா இடமும் பாக்கணும்னு முடிவு பண்ணிருக்கீங்க, ஒரு சுத்து முடிக்க 40 நிமிஷம் ஆகுதுன்னா ஒரு ஆள் பத்தாதுன்னு கணக்கு தானா வந்துடும், மூணு பேரு வேணும். அதுலயும் லிஃப்ட்டை நம்பி டைம் போடாதீங்க, படியிலதான் நடக்கணும், படியில நடந்தாத்தான் படிக்கட்டுல யாரோ அட்டைப்பெட்டி அடுக்கி வச்சிருக்குறது கண்ணுல படும்.

இதோட இன்னொண்ணும் யோசிக்கணும். அலாரமே வேலை செய்யாத பில்டிங்ல நெருப்பைக் கண்டுபிடிச்ச ஆள், மத்த மாடியில இருக்குறவங்களுக்கு எப்படி சொல்லுவாரு? கதவு கதவா தட்டிக்கிட்டு போனா எத்தனை நேரம்? ஏர் ஹார்ன், மெகாஃபோன், தற்காலிகமா வயர்லெஸ் பெல், ஏதாவது ஒண்ணு இருக்கணும், அந்த சத்தம் கதவு சாத்தின ரூமுக்குள்ள கேக்குதான்னு ஒரு தடவை டெஸ்ட் பண்ணிப் பாத்திருக்கணும். சத்தத்துக்கு வழி இல்லன்னா கூடுதலா ஆள் வேணும், அதுக்கு வேற குறுக்கு வழி கிடையாது.

டூட்டி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி

வர்ற ஆளை நேரா பேட்ரோலுக்கு அனுப்பாதீங்க, பில்டிங் தெரிஞ்ச ஒருத்தர் கூட போய் ஒரு சுத்து சுத்திக் காட்டணும். இது ஏதோ சடங்குன்னு நினைக்கிறவங்களுக்கு 2019 ஏப்ரல் 15 பாரிஸ் நோத்ர தாம் சர்ச் கதை போதும். அங்க அலாரம் நல்லாத்தான் வேலை செஞ்சுது, சாயங்காலம் 6.20 வாக்குலயே அடிச்சுடுச்சு. பேனல்ல வந்த மெசேஜைப் படிச்சு எங்க போய் பாக்கணும்னு சொன்னதுல குழப்பம், பாக்கப் போன கார்டு மெயின் சர்ச் கூரைக்குப் போகாம பக்கத்துல இருக்குற, பூஜை சாமான் வைக்கிற சேக்ரிஸ்டி கட்டடத்தோட கூரைக்குப் போயிட்டாரு, அங்க ஒண்ணும் இல்ல. தப்பான கூரைன்னு புரிஞ்சு, சரியான கூரைக்கு அந்த உசரமான படியெல்லாம் ஏறிப் போய் பாத்தப்ப உள்ள மரமெல்லாம் பத்தி எரியுது, ஃபயர் சர்வீஸுக்கு போன் போறப்ப மணி 6.50 தாண்டிடுச்சு. மெஷின் சரியா சொல்லியும் மனுஷன் பக்கத்துல அரை மணி நேரம் போச்சு. அதனால ஒவ்வொரு இடத்துக்கும் சைட்ல எல்லாரும் கூப்பிடுற பேரு என்ன, பேனல்ல வர்ற பேரு என்ன, ரெண்டும் ஒண்ணுதானான்னு பாத்து பிளான்ல எழுதிக் குடுத்துடுங்க. "பின்னாடி பிளாக்"னு ஒருத்தர் சொல்றது இன்னொருத்தருக்கு முன்னாடி பிளாக்.

சாவி. எல்லா ரூம் சாவியும் அவரு இடுப்புல இருக்கணும், ஆஃபீஸ்ல பூட்டின டிராயர்ல இல்ல. பூட்டின ரூமைப் பாக்க முடியலன்னா ரவுண்ட் போறதைக் குறிக்கிற லாக் புக்ல "பூட்டியிருந்தது, பாக்கல"ன்னு எழுதணும், டிக் போடக்கூடாது. சாவி கிடைக்கிற வரைக்கும் கதவைப் புறங்கையால தொட்டுப் பாக்கலாம், கீழ் இடுக்குல புகை வருதான்னு டார்ச் அடிச்சுப் பாக்கலாம்.

கையில வேற என்ன இருக்கணும்னா, நல்ல டார்ச், ஸ்பேர் பேட்டரி, சார்ஜ் இருக்குற போன், சிக்னல் கிடைக்காத பேஸ்மென்ட்டுக்கு வாக்கி டாக்கி, ஃப்ளோர் பிளான், லாக் புக், ரிஃப்ளெக்டிவ் ஜாக்கெட், நல்ல ஷூ. வாக்கி டாக்கி பேஸ்மென்ட் கடைசி மூலையில எடுக்குதான்னு டூட்டிக்கு முன்னாடியே பாத்துடணும். எக்ஸ்டிங்விஷர் எல்லா இடத்துலயும் மீட்டர் முள்ளு பச்சையில இருக்கா, பின்னுல சீல் இருக்கான்னு முதல் ரவுண்ட்ல ஒரு தடவை பாத்து குறிச்சுக்கணும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர்ல முள்ளு இருக்காது, அது எடையை வச்சுத்தான் தெரியும், அதைப் பாத்து "மீட்டர் இல்ல, கெட்டுப்போச்சு"ன்னு ரிப்போர்ட் எழுதினவங்களும் உண்டு.

ஹாட் வொர்க் பக்கத்துல நிக்கும்போது

இதுல கொஞ்சம் விலாவாரியா சொல்லணும், ஏன்னா பெரிய பெரிய விபத்து எல்லாம் இங்கதான் நடந்திருக்கு. 1996 ஏப்ரல் 11ல ஜெர்மனி டூசல்டார்ஃப் ஏர்போர்ட்ல மேல ரோட்டுல இணைப்பு ஜாயின்ட்ல வெல்டிங் பண்ணிட்டு இருந்தாங்க, உருகின உலோகம் இடுக்கு வழியா கீழ இறங்கி சீலிங்ல இருந்த பாலிஸ்டைரீன், நம்ம தெர்மாகோல் வகைதான், அதுல பிடிச்சு 17 பேரு போனாங்க. 2010 நவம்பர் 15ல ஷாங்காய்ல ஆளுங்க குடியிருக்கும்போதே ரிப்பேர் நடந்த 28 மாடி பில்டிங், லைசென்ஸ் இல்லாத வெல்டர்ங்க, சாரத்துல நைலான் வலை, சுவத்துல ஃபோம், 58 பேரு. 2014 மார்ச் 26ல பாஸ்டன்ல பக்கத்து பில்டிங்ல இரும்பு கைப்பிடிக்கு வெல்டிங் பண்ண பொறி, தீயணைக்கப் போன ரெண்டு வீரர்கள் செத்தாங்க, அதுக்கப்புறம்தான் அந்த ஊர்ல ஹாட் வொர்க் பண்றவங்க எல்லாரும் ட்ரெயினிங் எடுத்தே ஆகணும்னு ரூல் வந்துச்சு. மூணுலயும் பாருங்க, வெல்டர் பாத்துட்டு இருந்த இடத்துல நெருப்பு பிடிக்கல. கண்ணாடி போட்டுக்கிட்டு அந்த ஜாயின்ட்டை மட்டும் பாக்குறவருக்கு முதுகுக்குப் பின்னாடி நடக்குறது தெரியாது, அதுக்குத்தான் இன்னொரு ஜோடி கண்ணு.

வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, ஹாட் வொர்க் பண்ண எழுத்துல குடுக்குற அனுமதி, அந்த பர்மிட்ல கையெழுத்து ஆகியிருக்கான்னு பாருங்க, இன்னைக்கு தேதியா, இந்த இடத்துக்கா, எத்தனை மணி வரைக்கும்னு. நேத்து பர்மிட்டை இன்னைக்கும் ஓட்டுறது ரொம்ப சகஜம். அப்புறம் சுத்தி 11 மீட்டர், அதாவது 35 அடிக்குள்ள எரியுற சாமான் எதுவும் இருக்கக்கூடாது. நகத்த முடியாததை ஃபயர் பிளாங்கெட் போட்டு மூடணும், சாதா தார்ப்பாயைப் போட்டு மூடினா நீங்களே விறகு போட்ட மாதிரி. தரையில ஓட்டை, பைப் போற ஸ்லீவ், கேபிள் போற ஷாஃப்ட், டக்ட் ஓப்பனிங், இதெல்லாம் அடைக்கணும், பொறி உருண்டு அதுக்குள்ளதான் போய் உக்காரும். சுவத்துல வெல்டிங்னா சுவத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு போய் பாத்துட்டு வரணும், இரும்பு பைப், பீம், ஷீட் எல்லாம் சூட்டை அந்தப் பக்கம் கடத்திடும், தீப்பொறியே போகாம அந்தப் பக்கம் இருக்குற ஃபோம் பத்திக்கும். ரெண்டு பக்கமும் பாக்கணும்னா ரெண்டு ஆள்தான் வேணும். கீழ் மாடியில பொறி விழுதுன்னா அங்கயும் ஒரு ஆள்.

கேஸ் கட்டிங்னா சிலிண்டரைப் பாருங்க. ஸ்டாக் பண்ணி வைக்கிறப்ப ஆக்சிஜன் சிலிண்டரும் அசிட்டிலினோ எல்பிஜியோ இருக்குற சிலிண்டரும் 20 அடி, அதாவது 6 மீட்டர் தள்ளி இருக்கணும், இல்லன்னா நடுவுல 5 அடி உசரத்துக்கு அரை மணி நேரமாவது தீ தாங்குற தடுப்பு இருக்கணும், அமெரிக்காவுல வேலையிடப் பாதுகாப்பைப் பாக்குற ஓஷா அமைப்போட ரூல் இதுதான். ஹோஸ்ல வெடிப்பு இருக்கா, எண்ணெய் கை பட்டிருக்கான்னு பாக்கணும், ஆக்சிஜனும் எண்ணெயும் ஆகவே ஆகாது.

வேலை நடக்கும்போது ஃபயர் வாட்ச்க்கு கை எட்டுற தூரத்துல எக்ஸ்டிங்விஷர் இருக்கணும், கை காலியா இருக்கணும். வெல்டர் "தம்பி அந்த ராடை கொஞ்சம் எடுத்துக் குடு"ன்னு கேப்பாரு, சைட்ல இது ரொம்ப சாதாரணம், கேக்குறவரும் நல்ல மனுஷன்தான். எடுத்துக் குடுக்கக்கூடாது. "அண்ணே நான் பாக்குற வேலையில இருக்கேன், ஹெல்ப்பரைக் கூப்பிடுங்க"ன்னு சொல்லணும். அதே மாதிரி பொறி மூடாத பக்கம் போகுதுன்னு தெரிஞ்சா "அண்ணே நிறுத்துங்க"ன்னு சொல்ல அவருக்கு அதிகாரம் இருக்கணும், சொன்னதுக்கப்புறம் வெல்டர் சூப்பர்வைசரைப் பாத்து "இவரு யாரு சொல்றதுக்கு"ன்னு கேக்குற நிலைமை வரக்கூடாது. காலையில வேலைக்கு முன்னாடி பேசுற டூல்பாக்ஸ் மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் அவரைக் காட்டி, இவரு நிறுத்துன்னா நிறுத்தணும்னு சைட் இன்சார்ஜ் வாயால சொல்லணும். இந்த ஒரு வரியை சொல்லாததாலயே பாதி சைட்ல ஃபயர் வாட்ச் வாயை மூடிக்கிட்டு நிக்கிறாங்க.

வெல்டிங், கட்டிங் முடிஞ்ச உடனே ஃபயர் வாட்ச் கிளம்பக்கூடாது. ஓஷா ரூல்ல வேலை முடிஞ்சதுக்கப்புறம் குறைஞ்சது அரை மணி நேரம், ஹாட் வொர்க்குக்கான என்எஃப்பிஏ 51பி கோடுல 2019 எடிஷன்லருந்து அதை ஒரு மணி நேரம் ஆக்கிட்டாங்க. ஏன்னா பொறி மரத்தூள்லயோ காட்டன் வேஸ்ட்லயோ இன்சுலேஷன் இடுக்குலயோ போய் உக்காந்தா உடனே எரியாது, உள்ளுக்குள்ள கனிஞ்சுக்கிட்டே இருக்கும், காத்து கிடைச்சதும் ஒரேடியா எரியும், எல்லாரும் வீட்டுக்குப் போன நேரம் பாத்து. பிரச்சனை என்னன்னா வேலை 5 மணிக்கு முடியும், ஆளுங்க போற வண்டி 5.15க்கு வந்துடும். அதனால ஹாட் வொர்க்கை 4 மணிக்கே நிறுத்துறதுன்னு பர்மிட்லயே நேரம் போட்டுடுங்க, இல்ல அந்த ஒரு மணி நேரத்துக்கு தனியா ஓவர்டைம் காசு குடுத்துடுங்க, சும்மா "நின்னுட்டு வாப்பா"ன்னு சொன்னா யாரு நிப்பா. அந்த நேரத்துல சும்மா நிக்காம ஓட்டை ஓட்டையா டார்ச் அடிச்சுப் பாக்கணும், முகர்ந்து பாக்கணும், சந்தேகமா இருக்குற இடத்துக்குப் பக்கத்துல கையைக் கொண்டு போய் சூடு தெரியுதான்னு பாக்கணும், தெர்மல் கேமரா இருந்தா இன்னும் நல்லது. கீழ் மாடி, மேல் மாடி, சுவத்துக்கு அந்தப் பக்கம், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல, எல்லாம்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனா அடிக்கடி பாக்குறது. வெல்டிங் புகைக்கு அலாரம் அடிக்கக்கூடாதுன்னு ஸ்மோக் டிடெக்டர் மேல பிளாஸ்டிக் மூடி போட்டிருப்பாங்க, மூடி இல்லன்னா டேப் சுத்தியிருப்பாங்க, கையுறையை மாட்டி விட்டிருக்குறதைக்கூட பாத்திருக்கேன். வேலை முடிஞ்சு போறப்ப அது அப்படியே நிக்கும், பேனலைப் பாத்தா எல்லாம் நார்மல்னு பச்சை லைட் எரியும். எத்தனை மூடி போட்டாங்கன்னு பர்மிட் பின்னாடி எழுதி வச்சுக்கிட்டு அத்தனையும் திரும்ப கைக்கு வந்ததான்னு எண்ணி வாங்குங்க.

ராத்திரி சுத்துறது, லாக் எழுதுறது

கன்ஸ்ட்ரக்ஷன் சைட் ராத்திரி ரவுண்ட்ல எங்க கண்ணு வைக்கணும்னு புது ஆளுக்கு தெரியாது, சொல்லிக் குடுங்க. தற்காலிகமா கரண்ட் பிரிச்சுக் குடுக்குற டிபி பாக்ஸ், அதுலருந்து போற ஜாயின்ட் போட்ட கேபிள், சூடா இருக்கா, கருகின வாசனை வருதா. டூல் பேட்டரி சார்ஜ்ல போட்டுட்டு போயிருப்பாங்க, லித்தியம் பேட்டரி உப்பியிருந்தா தொடாம தூரத்துலருந்து சுவிட்சை ஆஃப் பண்ண முடிஞ்சா பண்ணிட்டு சொல்லணும். ஹீட்டர், பம்ப், மறந்து போன ஹாலஜன் லைட். லின்சீட் எண்ணெய், வார்னிஷ் துடைச்ச துணியை மூலையில குவிச்சு வச்சிருந்தா அது யாரும் பத்த வைக்காமலே தானா சூடாகி எரியும், மூடி போட்ட இரும்பு டப்பாவுலதான் இருக்கணும். குப்பைத்தொட்டி, லேபர் ஷெட்ல சமையல் அடுப்பு, சிகரெட் துண்டு கிடக்குற மூலை. ஃபயர் வண்டி வர்ற வழியில ஜல்லி கொட்டியிருக்கா, தீயணைக்க தண்ணி எடுக்குற ஹைட்ரண்ட்டை மறைச்சு செங்கல் அடுக்கியிருக்கா. மாடி ஏற ஏற தீயணைக்க தண்ணி மேல கொண்டு போற பைப், ரைசர், அதுவும் கூடவே ஏறியிருக்கணும், வால்வுல தண்ணி இருக்கான்னு பகல்லயே பாத்து வைக்கணும்.

ஒரே ரூட்ல ஒரே நேரத்துல போகாம மாத்தி மாத்தி போகச் சொல்லுங்க. இருட்டுல நடக்குறவரு விழுந்துட்டா யாருக்குத் தெரியும், அதனால ஒவ்வொரு ரவுண்ட் முடிஞ்சதும் ரேடியோவுல ஒரு வார்த்தை சொல்லணும், சொல்லலன்னா இன்னொருத்தர் தேடிப் போகணும்.

லாக்ல நேரம், இடம், என்ன பாத்தாரு, கையெழுத்து. ஒழுங்கா எழுதின லாக்கைப் பாத்தா 11.02, 11.19, 11.33னு கோணல்மாணலா இருக்கும், "3வது மாடி ஸ்டோர், பெயிண்ட் டப்பா மூடி திறந்திருந்தது, மூடினேன்"னு ஏதாவது ஒண்ணு இருக்கும். 11.00, 11.15, 11.30னு டிசைன் மாதிரி, எல்லாத்துலயும் ஓகே ஓகேன்னு, ஒரே பேனா அழுத்தத்துல இருந்துச்சுன்னா அது காலையில டீ குடிச்சுக்கிட்டே மொத்தமா எழுதினது. க்யூஆர் ஸ்டிக்கரோ டேக்கோ ஒட்டி போன்ல ஸ்கேன் பண்ண வைக்கலாம், அங்கங்க போனாருன்னு தெரியும், பாத்தாரான்னு தெரியாது. அதுக்கு நீங்கதான் ஒரு நாள் ராத்திரி சொல்லாம போய் நிக்கணும், இல்ல வழியில வேணும்னே ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டி விட்டு அது லாக்ல வருதான்னு பாக்கணும். ஷிஃப்ட் மாறும்போது பழைய ஆள் புது ஆளை நேர்ல பாத்து, எந்த வால்வு மூடியிருக்கு, இன்னைக்கு எங்க வெல்டிங் நடந்துச்சு, எந்த ரூம் பாக்கலன்னு வாயால சொல்லிட்டுத்தான் போகணும்.

நெருப்பைப் பாத்தா

வரிசை மாறக்கூடாது. முதல்ல சத்தம், ஆளுங்களை வெளிய கிளப்புறது. அடுத்த நொடியே ஃபயர் சர்வீஸுக்கு போன். அதுக்கப்புறம்தான் எக்ஸ்டிங்விஷர். ரெண்டு பேரு இருந்தா ஒருத்தர் போன், ஒருத்தர் சிலிண்டர், அது வேற. தனியா இருக்குறவரு "சின்ன நெருப்புதானே, அணைச்சுட்டு சொல்லிக்கலாம்"னு போனா, அணையலன்னா அதுவரைக்கும் யாருக்கும் தெரியாது, அவருக்கே ஏதாவது ஆயிட்டா சொல்லவே ஆள் இல்ல. மேனேஜருக்கு போன் பண்ணி பர்மிஷன் கேட்டு ஃபயர் சர்வீஸைக் கூப்பிடுறதுங்கிற பழக்கம் உங்க பில்டிங்ல இருந்தா இன்னைக்கே எடுத்துடுங்க.

போன்ல அட்ரஸ், எந்த கேட் வழியா வரணும், எத்தனையாவது மாடி, என்ன எரியுது, உள்ள ஆள் இருக்காங்களா, ஸ்ப்ரிங்க்ளர் வேலை செய்யலைங்கிறது, கேஸ் சிலிண்டர் எங்க இருக்குங்கிறது, இவ்வளவும் சொல்லணும், அவங்க வைக்கிற வரைக்கும் வைக்கக்கூடாது. ஒருத்தர் கேட்ல போய் நின்னு வண்டிக்கு வழி காட்டணும்.

அணைக்க முயற்சி பண்றது குப்பைக்கூடை அளவு நெருப்புக்குத்தான். வெளிய போற வழி முதுகுக்குப் பின்னாடி இருக்கணும், பின்னை உருவி, நெருப்போட அடிப்பாகத்தைப் பாத்து, அழுத்தி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வீசி அடிக்கணும். கரண்ட் இருக்குற பேனல்ல தண்ணி கூடாது. ஒரு சிலிண்டர்ல அடங்கலன்னா, இல்ல புகை தலைக்கு மேல கட்ட ஆரம்பிச்சுட்டா, கதவை சாத்திட்டு வெளிய வந்துடணும். அவரு ஃபயர்மேன் இல்ல, அவருக்கு மாஸ்க் கிடையாது, அவருகிட்ட அதை எதிர்பாக்கவும் கூடாது.

வாட்ச்சை முடிக்கிறது

"சிஸ்டம் வந்துருச்சாம், நீங்க கிளம்பலாம்"னு வாய்வழியா வர்ற தகவலை வச்சு ஆளை அனுப்பிடாதீங்க. ரிப்பேர் பண்ணவரு பேனல்ல டெஸ்ட் பண்ணிக் காட்டணும், ஒரு டிடெக்டர்ல புகை அடிச்சா பெல் அடிக்குதா, அலாரத்தை வெளிய இருந்து மானிட்டரிங் பண்றவங்களுக்கு சிக்னல் போகுதான்னு பாக்கணும். ஸ்ப்ரிங்க்ளர்னா மூடின வால்வு முழுசா திறந்திருக்கணும், பாதி திறந்த வால்வும் வெளிய இருந்து பாக்க திறந்த மாதிரியே இருக்கும், அதனால பைப்ல இருக்குற தண்ணியை வெளிய விடுற மெயின் டிரெயின் வால்வைத் திறந்து தண்ணி ஓடும்போது பிரஷர் எவ்வளவு இறங்குது, மூடினா சட்டுனு ஏறுதான்னு பழைய ரீடிங்கோட ஒப்பிட்டுப் பாக்கணும். மூடியிருக்குன்னு காட்ட வால்வுல தொங்குற சிவப்பு டேகை அப்பத்தான் கழட்டணும், பூட்டோ சீலோ திரும்பப் போடணும். அப்புறம் யார் யாருக்கு "சிஸ்டம் இல்ல"ன்னு சொன்னீங்களோ, ஃபயர் டிபார்ட்மென்ட், இன்ஷூரன்ஸ், மானிட்டரிங், குடியிருக்குறவங்க, அத்தனை பேருக்கும் வந்துருச்சுன்னு சொல்லணும். கடைசி லாக் வரியில நேரம் போட்டு ஃபயர் வாட்ச் ஒரு கையெழுத்து, டெஸ்ட்டைப் பாத்தவரு ஒரு கையெழுத்து, ஒரிஜினல் லாக் உங்ககிட்ட, காப்பி கம்பெனிக்கு. பில் வந்ததும் மணி நேரத்தை அந்த லாக்கோட வச்சு சரிபாத்துட்டு பேமென்ட் போடுங்க.